ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து: வயிற்றுப்போக்குக்கு அவசியம்தானா?

மழைக்காலம் வந்தால் வயிற்றுக் கோளாறும் கூடவே வந்துவிடும். இது ஹைதராபாத்துக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. ஆனாலும், குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே ஓடும் பழைய பேட்டைகள் நிறைந்த நம் இரட்டை நகரங்களில் இந்தத் தொல்லையை யாரும் லேசாக எண்ணிவிட முடியாது. 2009 மே மாதத்தில் முஷீராபாத் பக்கத்தில் உள்ள போலக்பூரில் குடிநீரில் கழிவுநீர் கலந்து, நூற்றுக்கணக்கானோர் வாந்திபேதியால் அவதிப்பட்டதும் பலர் உயிரிழந்ததும் இங்கே நெடுநாள் வசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

வயிறு போகத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், தெருமுனை மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவதுதான். டாக்டர் சீட்டு கிடையாது. "லூஸ் மோஷன், ஒரு மாத்திரை கொடுங்கள்" என்ற ஒரு வார்த்தை போதும். கடைக்காரர் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார். அந்த மாத்திரையின் பெயரில் பெரும்பாலும் "ஓ இசட்" என்றோ "டி இசட்" என்றோ ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலுக்கு என்ன அர்த்தம், உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. ஏனெனில் அந்த ஒரு மாத்திரைக்குள் இருப்பது ஒரு மருந்து அல்ல, இரண்டு மருந்துகள்.

உள்ளே இருப்பது என்ன?

"ஓ இசட்" வகையில் ஓஃப்ளாக்ஸசின் 200 மில்லி கிராமும் ஆர்னிடசோல் 500 மில்லி கிராமும் சேர்ந்திருப்பது வழக்கம். "டி இசட்" என்றால் நார்ஃப்ளாக்ஸசின் அல்லது சிப்ரோஃப்ளாக்ஸசினுடன் டினிடசோல் சேர்ந்திருக்கும். "ஃப்ளாக்ஸசின்" என்று முடிகிற மருந்துகள் எல்லாம் ஒரு குடும்பம். பாக்டீரியா கிருமிகளைக் கொல்பவை. "நிடசோல்" என்று முடிபவை இன்னொரு குடும்பம். அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும், பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்களையும் அழிப்பவை.

இரண்டையும் ஏன் சேர்த்தார்கள்? பேதிக்குக் காரணம் பாக்டீரியாவா, அமீபாவா என்று மலத்தைப் பரிசோதிக்காமல் சொல்வது கடினம். பரிசோதனைக்கு நேரமும் பணமும் வேண்டும். எதுவாக இருந்தாலும் இரண்டில் ஒன்று வேலை செய்துவிடட்டும் என்பதே இந்த யோசனையின் அடிப்படை. கேட்பதற்குச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கிருமிகளும் ஒரே சமயத்தில் ஒருவரைத் தாக்குவது அபூர்வம். ஆகவே பெரும்பாலான சமயங்களில் இரண்டில் ஒரு மருந்து வீணாகவே உடம்புக்குள் போகிறது. மருந்துதான் வீணே தவிர, அதன் பக்க விளைவுகள் வீணாவதில்லை. அவை வரக்கூடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. திடீரென்று வரும் வயிற்றுப்போக்கில் பெரும் பகுதி வைரஸால் வருவது, அல்லது கெட்டுப்போன உணவில் கிருமி விட்டுச்சென்ற நஞ்சால் வருவது. இவற்றுக்கு அந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகளில் ஒன்றுகூட உதவாது. இரண்டு மூன்று நாட்களில் தானாக நின்றுவிடும் பேதியை, நான்கு மாத்திரை விழுங்கியதால் நின்றது என்று நாம் நம்பிவிடுகிறோம். அடுத்த முறையும் அதே மாத்திரைக்கு ஆள் அனுப்புகிறோம்.

குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும் ரோட்டா வைரஸ் பேதியை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. தடுப்பு மருந்துதான் உண்டு. அந்தத் தடுப்பு மருந்துகளில் ஒன்றான ரோட்டாவாக் நம் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனத்தில் உருவாகி 2015-ல் வெளிவந்தது. அதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 2016 முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீடுகளில் 6, 10, 14-வது வாரங்களில் இந்தச் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்துவிடுவது, அலமாரியில் மாத்திரை வாங்கி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு.

பழைய பாடம்

"இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறோம், என்ன ஆகிவிட்டது?" என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களுக்கு மெக்ஸாஃபார்ம், என்டரோ வயோஃபார்ம் என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் வெளியூர்ப் பயணம் போகிறவர்கள் பெட்டியில் துணிமணியோடு எடுத்து வைத்த பேதி மாத்திரைகள் இவை. இரண்டிலும் இருந்த முக்கிய மருந்து கிளியோகுவினால். மெக்ஸாஃபார்ம் மூன்று மருந்துகளின் கூட்டு.

இந்த மருந்து ஜப்பானில் ஏராளமாக உபயோகிக்கப்பட்டது. அங்கே கால்கள் மரத்துப்போய், நடை தடுமாறி, சிலருக்குக் கண் பார்வையும் போன ஒரு விசித்திர நோய் பரவியது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 10,000 பேர். முதலில் தொற்றுநோய் என்று சந்தேகித்தார்கள். கடைசியில் குற்றவாளி அந்தப் பேதி மருந்தே என்று தெரிந்தது. 1970-ல் ஜப்பான் அதன் விற்பனையை நிறுத்தியது. அதைத் தயாரித்த சீபா கைகி நிறுவனம் மற்ற நாடுகளில் விற்பனையைக் கைவிட 1980-களின் மத்தி வரை ஆயிற்று.

இன்றைய மாத்திரைகளில் அந்த மருந்து இல்லை. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் எல்லோரும் சாப்பிடுவதாலேயே ஒரு மருந்து பத்திரமானது ஆகிவிடாது என்ற பாடத்தை மறக்கக் கூடாது.

நம் நாட்டிலும் கூட்டு மருந்துகளைப் பற்றிய கவலை புதிதல்ல. போதிய ஆதாரம் இல்லாமல் சந்தைக்கு வந்த கூட்டு மருந்துகளை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பேராசிரியர் சந்திரகாந்த் கோகாடே. முன்பு வாரங்கல் காகதீய பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர். அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து 2016 மார்ச் 10-ந் தேதி 344 கூட்டு மருந்துகளை அரசு தடை செய்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. டில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், மறு பரிசீலனைக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156 மருந்துகள் தடைக்குள்ளாயின.

நாம் பேசுகிற பேதி மாத்திரைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் ஆன்டிபயாடிக் மருந்துகளை வகைப்படுத்தி வெளியிட்டிருக்கும் பட்டியலில், ஓஃப்ளாக்ஸசின் - ஆர்னிடசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின் - டினிடசோல் போன்ற கூட்டுகள் "சிபாரிசு செய்யப்படாதவை" என்ற பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. கடையில் கிடைப்பது வேறு, சிபாரிசு செய்யப்படுவது வேறு என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் மருந்து எது?

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமி அல்ல. உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். அதை ஈடுகட்டாமல் மாத்திரையைத் தேடி ஓடுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் என்றிருந்த சாவு, 4 பேருக்கும் கீழே இறங்கியது. காலராவிலேயே இதுதான் முதல் மருந்து என்றால், சாதாரணப் பேதிக்குச் சொல்லவே வேண்டாம்.

அதுதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. பொட்டலத்தின் மேல் எவ்வளவு நீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதலாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கரண்டியைக் குவிக்காமல் தலை தட்டி அளக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் ஊர் பெருமைப்படலாம். சர்க்கரை மிகுந்த பழரச பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு கடைகளில் விற்கப்பட்டதை எதிர்த்து, ஹைதராபாத் குழந்தை வைத்தியர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பானங்களின் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே அட்டைப்பெட்டியில் அடைத்த இனிப்புப் பானத்தை வாங்கி ஏமாறாதீர்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் சூத்திரப்படி செய்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆகாரத்தையும் நிறுத்த வேண்டாம். கஞ்சி, இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. குழந்தைகளுக்கு டாக்டர் 14 நாட்களுக்கு ஜிங்க் மருந்து எழுதிக் கொடுப்பார். பேதி நின்றுவிட்டாலும் அதை முழுவதும் கொடுக்க வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால்

ஆன்டிபயாடிக் தேவைப்படும் பேதியும் உண்டு. மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், பரிசோதனையில் அமீபா என்று தெரிந்தால் டாக்டர் உரிய மருந்தைக் கொடுப்பார். கூட்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தால், "எனக்கு இரண்டு மருந்தும் தேவையா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறு இல்லை. சாப்பிடுவதானால் கீழ்க்கண்டவற்றை மனத்தில் வைக்க வேண்டும்.

1. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. வலிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2. சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ஃப்ளாக்ஸசின் வகை மருந்து ரத்தத்தில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். பேதியால் சரியாகச் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் இது பெரிய ஆபத்து. வியர்த்துக் கொட்டுவது, நடுக்கம், தலைசுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு மருந்துமே அதன் வேகத்தைக் கூட்டி, ரத்தக் கசிவு உண்டாக்கலாம்.

3. ஜெலூசில் போன்ற அமில மருந்து, இரும்புச் சத்து, கால்சியம், ஜிங்க் மாத்திரைகள் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் ஃப்ளாக்ஸசின் மருந்து உடம்பில் ஏறாது. முன்னும் பின்னும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்றால், ஜெலூசில் குடித்த பிறகு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின் மாத்திரைகளைப் பாலோடும் சாப்பிடக் கூடாது.

4. மது அறவே கூடாது. நிடசோல் வகை மருந்துகளோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கலாம். மாத்திரை முடிந்த பிறகும் மூன்று நாட்கள் விலகியிருப்பது நல்லது.

5. ஒரே மருந்தை இரு மடங்கு சாப்பிட்டுவிடாதீர்கள். கூட்டு மாத்திரையின் பெரிய கண்ணி இதுவே. ஒரு டாக்டர் மெட்ரோனிடசோல் கொடுத்திருப்பார். வீட்டில் இருக்கிற "ஓ இசட்" மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து மருந்து. வியாபாரப் பெயரைப் பார்க்காமல், அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள்.

6. வாயில் உலோகச் சுவை, லேசான குமட்டல் ஆகியவை வருவதுண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் குதிகால் நரம்பில் வலி, கை கால்களில் எரிச்சலோ மரப்போ, நெஞ்சுப் படபடப்பு, உடம்பில் தடிப்பு, மனக் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் குதிகால் நரம்பு அறுந்துபோகும் அபாயம் அதிகம்.

7. டாக்டர் சொன்ன நாட்கள் வரை சாப்பிட்டு முடியுங்கள். மீதியை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டாருக்குத் தானம் செய்யாதீர்கள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். கத்தரித்து வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள்.

கிருமி பழகிவிட்டால்

இஷ்டத்துக்குச் சாப்பிடுவதால் நம் ஒருவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு முறையும் குடலில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் பலவீனமானவை சாகின்றன; மருந்துக்கு மசியாதவை பிழைத்துப் பெருகுகின்றன. டைபாய்டு இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் அதற்குக் கைகண்ட மருந்தாக இருந்தது ஃப்ளாக்ஸசின் வகை. இன்று இந்தியாவில் உள்ள டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு அடங்குவதில்லை. காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தவர் நான்கு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனால், நோயும் தீராது, ரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாமலும் போகலாம். இதே மருந்து காச நோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், காச நோய் கண்டுபிடிக்கப்படுவதும் தள்ளிப்போகலாம்.

ஹைதராபாத்வாசிகளுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. பாலாநகரில் ஐ.டி.பி.எல். தொழிற்சாலை வந்த நாளிலிருந்து இந்த நகரம் மருந்துத் தயாரிப்பில் பெயர் பெற்றது. அதன் மறுபக்கம் 2007-ல் வெளியானது. பி.எச்.இ.எல். ராமச்சந்திரபுரத்தைத் தாண்டினால் வரும் பட்டான்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி யோவாகிம் லார்ஷோன் குழுவினர் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லி கிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்தது. மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். ஒரே நாளில் வெளியேறியது சுமார் 45 கிலோ. அப்போது 90 லட்சம் மக்கள் இருந்த ஸ்வீடன் 5 நாட்களுக்கு உபயோகித்த அளவு! ஓஃப்ளாக்ஸசினும் நார்ஃப்ளாக்ஸசினும்கூட அந்த நீரில் இருந்தன. அடுத்து வந்த ஆராய்ச்சிகள் அந்த வட்டாரத்து ஆற்றுப் படுகையில் மருந்துக்கு மசியாத கிருமிகளின் கூறுகள் மலிந்திருப்பதைக் காட்டின.

தொழிற்சாலைக் கழிவைக் கட்டுப்படுத்துவது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டியது குடிமக்களின் பொறுப்பு. ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருந்து தேவையில்லாமல் போகும் மாத்திரையை நிறுத்துவதற்கு எந்த அரசாங்க உத்தரவும் தேவையில்லை.

எப்போது ஓட வேண்டும்?

மலத்தில் ரத்தம், கறுத்த மலம், கடுமையான காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காதது, கண் குழி விழுவது, அசதியில் கண்ணைத் திறக்காமல் கிடப்பது, கஞ்சித் தண்ணீர் போல் அடிக்கடி போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூன்று நாளில் நிற்காத பேதிக்கும் டாக்டர் அவசியம். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இன்னும் முன்னதாகவே போக வேண்டும். நல்லகுண்டாவில் ஊர்க்காரர்கள் "கோரண்டி" என்று அழைக்கும் அரசு ஃபீவர் ஆஸ்பத்திரி இத்தகைய நோய்களைக் கவனிப்பதற்கென்றே உள்ளது. கூச்சப்படாமல் போகலாம்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊரிலிருந்து பேரன் பேத்தியைப் பார்க்க வரும் பெற்றோர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் விவரம் இங்குள்ள டாக்டருக்குத் தெரியாது. அவர்களுக்கோ தெலுங்கு தெரியாது. ஆகவே அவர்கள் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, அட்டைகளோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் பையைக் கொண்டுபோக வேண்டும். பேதிக்குத் தெலுங்கில் "விரேசனாலு", வாந்திக்கு "வாந்துலு", காய்ச்சலுக்கு "ஜ்வரம்", ரத்தத்துக்கு "ரக்தம்" என்று சொல்லிக்கொடுங்கள். இந்த நாலு வார்த்தைகளும் அந்தப் பையும் இருந்தால், தனியாகப் போனாலும் சமாளித்துக்கொள்வார்கள்.

இந்த மழைக்கு வீட்டில் வாங்கி வைக்க வேண்டியது நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். குடிநீரைக் கொதிக்க வைப்பதும், சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுவதும் அதற்கும் முந்தியவை. அந்த இரட்டை மாத்திரை தேவைப்படும் நாளும் வரலாம். அந்த நாள் எது என்று டாக்டர் தீர்மானிக்கட்டும்.